கேள்விக்கனி

போடி ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஷாரோன் மெடிக்கல்ஸில் சளி மாத்திரை வாங்குவது, பெண் பார்க்கப் போய் உட்காருகிற மாதிரிதான். அவ்வளவு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"யாருக்கு? வயசென்ன? மூக்கு ஒழுகுதா, அடைக்குதா? இருமினா சளி வருதா, வறட்டு இருமலா? காய்ச்சல் இருக்கா? பிரஷர், சுகர் உண்டா? வேற மருந்து எதுவும் எடுக்குறாகளா?"

கேட்பது செல்லக்கனி அக்கா. கடை அவருடையது. மருந்தாளுநர் படிப்பு படித்து, கல்யாணமாகி தூத்துக்குடிப் பக்கமிருந்து போடிக்கு வந்தவர். வீட்டுக்காரர் ஜெபகுமார் அண்ணன் ஏலக்காய் வியாபாரி. ஏல மையத்தில் அவர் வாயைத் திறப்பதே அபூர்வம் என்பார்கள். வீட்டில் பேச வேண்டியதையும் சேர்த்து அக்கா கடையில் பேசிவிடுகிறார் என்பது ஜீப் டிரைவர்கள் நாங்கள் கண்டுபிடித்த உண்மை. அவருக்குக் கேள்விக்கனி என்று பெயர் வைத்ததும் நாங்கள்தான். அது அவர் காதுக்கும் போய்விட்டது. கோபப்படவில்லை. "பேரு வச்சதெல்லாம் சரி, இப்ப பதிலச் சொல்லு" என்றார்.

நான் அருள்பாண்டி. சொந்த ஊர் ராசிங்காபுரம். காலையில் போடியில் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போவேன், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவேன். எனக்குப் பொறுமை கிடையாது. கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தால் நிற்பேன், வேறு எதற்கும் நிற்க மாட்டேன். அப்படிப்பட்ட ஆள், பின்னால் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, இன்ஜினை ஓடவிட்டு இறங்கிப்போய், "அக்கா, சளிக்கு ஒரு செட்டு" என்று கேட்டால் என்ன நடக்கும்?

"செட்டு வேணும்னா தோசைக் கடைக்குப் போ."

செட்டு என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள், வாயில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். எது எதற்கு என்று கொடுத்தவருக்கும் நினைவிருக்காது, வாங்கியவருக்கும் தெரியாது. அக்கா அதைச் செய்ய மாட்டார். அட்டையில் மாத்திரையின் பெயரும் தேதியும் கடைசி வரை இருக்கிற மாதிரி கத்தரிக்கோலால் ஒதுக்கி வெட்டித்தான் தருவார்.

மேலே வேலை செய்கிற பெண்கள் என்னிடம்தான் சொல்லிவிடுவார்கள், "வரும்போது மாத்திரை வாங்கிட்டு வாங்கண்ணே" என்று. அதனால் அக்காவின் கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பதில்களும் கொஞ்சம் கொஞ்சமாக மனப்பாடம் ஆகிவிட்டன. பிரஷர்காரர்களுக்கு மூக்கடைப்பு மாத்திரை ஆகாது. சளி மாத்திரைக்குள்ளேயே காய்ச்சல் மாத்திரையும் கலந்திருக்கும், அது தெரியாமல் தனியாக இன்னொன்று போட்டால் ஈரலுக்குக் கேடு. ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்குத் தூக்கம் வருகிற மாத்திரை அறவே கிடையாது. எனக்கு மூக்கு ஒழுகினால் ஆவி பிடிக்கச் சொல்லி, உப்புத் தண்ணீரில் வாய் கொப்புளிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். விற்பதற்குக் கடை வைத்துக்கொண்டு விற்க மாட்டேன் என்கிற ஒரே ஆளை நான் போடியில்தான் பார்த்தேன்.

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடிக்காதது. "வேற மருந்து எதுவும் எடுக்குறீகளா?" ஒருநாள் கடுப்பில், "சாயங்காலமானா ஒரு குவார்ட்டர் எடுக்கேன், அது கணக்குல வருமாக்கா?" என்றேன். வரும் என்று அதற்கும் ஒரு பாடம் எடுத்தார். அன்றைக்கு ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள்.

போன வருஷம் ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரி முத்துப்பிரியாவின் தம்பி சோலைமலை எங்களோடுதான் இருக்கிறான். தாய் இல்லாத பையன் என்று அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவனுக்கு ஒன்று என்றால் என் வீட்டில் அடுப்பு எரியாது. மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை அவனுக்கு. மழை ஓய்கிற நாளாகப் பார்த்து, பெரிய டிரம்மில் பூச்சி மருந்தைக் கலக்கி, மோட்டார் போட்டு, ஓசுக் குழாயைப் பிடித்துச் செடி செடியாக அடிக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. கண்ணிலும் தண்ணீர். ஜெர்கினைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு துண்டால் துடைத்துத் துடைத்து முகமே சிவந்துபோயிருந்தது. அந்த வாரம் மலையில் யாருக்குத்தான் சளி இல்லை? பின்னால் இருந்த பெண்களிலும் பாதிப் பேர் தும்மிக்கொண்டுதான் வந்தார்கள். "மஞ்சு அடிச்சிருச்சு. வீட்டுக்குப் போயி மொளகு ரசம் வச்சுக் குடி" என்று ஒரு அம்மா வைத்தியம் சொன்னது. மஞ்சு என்றால் மலையில் பனிமூட்டம்.

பாதி இறக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தான். வளைவில் வாந்தி எடுப்பதும் புதிதில்லை. "மாமா, நெஞ்ச அடைக்குது" என்றான். சளி கட்டியிருக்கும் என்றேன். அடிவாரம் வந்த பிறகு, "மாமா, எதுக்க வர்ற லைட்டெல்லாம் மங்கலாத் தெரியுது" என்றான். "கண்ணுல இப்படித் தண்ணி கொட்டுனா மங்கலாத்தான் தெரியும் மாப்ளே" என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

ஸ்டாண்டில் ஆட்களை இறக்கிவிட்டு அக்கா கடைக்கு ஓடினேன்.

"அக்கா, என் மச்சினனுக்குச் சளி. வெரசாக் குடுங்க, வீட்டுக்குப் போகணும்."

ஆரம்பித்துவிட்டார். வயசு சொன்னேன். ஒழுகுது என்றேன். காய்ச்சல் இல்லை என்றேன். பிரஷர் இல்லை. ஒரு அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தார். வெட்டப்போகிற நேரத்தில் அந்தக் கடைசிக் கேள்வி.

"வேற மருந்து எதுவும் எடுத்தாரா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மருந்தா? காலைல இருந்து மருந்துலயேதான்க்கா குளிச்சுக்கிட்டுக் கெடக்கான்!"

கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"எந்த மருந்து?"

"தோட்டத்து மருந்துக்கா. செடிக்கு அடிக்கிறது."

அக்கா அட்டையைக் கீழே வைத்தார். அந்தக் கடையின் மேசைப் பலகையைத் தூக்கிவிட்டு அவர் வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டி ஜீப்புக்கு வந்தார். கைபேசி டார்ச்சைச் சோலைமலையின் கண்ணில் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கருமணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"இந்த ஊதக்காத்துல எப்படி இவனுக்கு இப்படி வேர்க்குது? வயித்த வலிக்குதாப்பா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். வாயோரம் எச்சில் வழிந்தது.

"மருந்து மேல பட்டுச்சா?"

"ஓசு பிச்சுக்கிச்சுக்கா... சட்டை பூரா நனைஞ்சுருச்சு. காஞ்சுரும்னு மேல ஜெர்கினப் போட்டுக்கிட்டேன்."

நாள் முழுக்க விஷத்தில் நனைந்த சட்டையோடு இருந்திருக்கிறான். வாடை எங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். தோட்டத்திலிருந்து இறங்குகிற எந்த ஜீப்பில் அந்த வாடை இல்லை?

"தம்பி, இது சளி இல்ல. சளிக்கு மூக்கு ஒழுகும், கண்ணு கலங்கும். இப்படி வேர்த்துக் கொட்டாது. மருந்து ஒடம்புல ஏறியிருக்கு." சொல்லிக்கொண்டே கடைக்கு ஓடிப்போய் கையுறையும் சோப்பும் கொண்டுவந்தார். எனக்கும் ஒரு ஜோடியைக் கொடுத்தார். மாத்திரை வெட்டுகிற அதே கத்தரிக்கோலால் அவன் சட்டையைக் கிழித்துக் கழற்றினார். டீக்கடைக் குடத்துத் தண்ணீரை அவர் மொண்டு ஊற்ற ஊற்ற, நான் சோப்புப் போட்டு மேலெல்லாம் கழுவினேன். கூட்டம் கூடிவிட்டது. அக்கா தன் சால்வையைச் சுற்றி அவனை ஜீப்பில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் ஏறிக்கொண்டார். கடை திறந்தபடி கிடந்தது.

"ஆஸ்பத்திரிக்கு விடு. தோட்டத்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, மருந்து டப்பாவப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு."

போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிவிட்டார். நாங்கள் போனபோது தள்ளுவண்டி வாசலில் நின்றது. அவனுக்கு அப்போது மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் கண்ணைப் பார்த்தார், டப்பாவின் படத்தைப் பார்த்தார், உடனே ஊசி போட்டார். மறுபடி மறுபடி போட்டார். மூச்சு கொஞ்சம் தெளிந்த பிறகு ஆம்புலன்சில் தேனிக்கு அனுப்பினார்கள்.

முத்துப்பிரியா தேனி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தவள், தம்பி படுத்திருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே வந்திருந்த அக்காவும் அவள் பக்கத்தில் அதே தரையில் உட்கார்ந்தார். ஆறுதல் என்று ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "கையில ஊசி ஏறிக்கிட்டு இருக்கு. நேரத்துல வந்துட்டான் ஆத்தா" என்று மட்டும் அவ்வப்போது சொன்னார். கடையை ஜெபகுமார் அண்ணன் வந்து பூட்டினாராம்.

சில நாள் இழுபறியாக இருந்தது. பிறகு ஒரு காலையில் சோலைமலை கண்ணைத் திறந்து, பசிக்குது என்றான். அப்போதுதான் முத்துப்பிரியா அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க என்ன இருக்கிறது?

அவன் வீட்டுக்கு வந்த பிறகு முத்துப்பிரியாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அக்கா எதுவும் வாங்க மாட்டார் என்று தெரியும். முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, "வேணாம்னு மட்டும் சொல்லிறாதீக" என்றாள் முத்துப்பிரியா. வாங்கிக்கொண்டார். நான் கேட்டேன், "அக்கா, அன்னைக்கு நீங்க கேக்காம மாத்திரையக் குடுத்திருந்தா?"

"தூங்கியிருப்பான்" என்றார். "சளி மாத்திரை போட்டுட்டு அசந்து தூங்குறான்னு நீங்களும் போர்வையப் போத்திவிட்டு லைட்ட அமத்தியிருப்பீக."

முத்துப்பிரியா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அதை நான் ஸ்டீயரிங் பிடித்தபடி பலமுறை யோசித்திருக்கிறேன். மலையில் எங்களுக்கு மருந்து என்றால் செடிக்கு அடிப்பது. வாயில் போடுவது மாத்திரை. அக்கா ஊரில் மாத்திரையும் மருந்துதான், டானிக்கும் மருந்துதான். இத்தனை வருஷம் எங்களோடு இருந்தும் அவர் அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. "வேற மாத்திரை எதுவும் போட்டானா" என்று எங்கள் பாஷையில் கேட்டிருந்தால், இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் ஒரு மருந்தைக் கேட்டார், நான் இன்னொரு மருந்தைச் சொன்னேன், அந்தக் கோளாறில் ஒரு உயிர் தங்கியது. அவருடைய தூத்துக்குடித் தமிழுக்கும் சேர்த்துத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும். முத்துப்பிரியா இதையெல்லாம் யோசிக்கவில்லை. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்த கையோடு, அக்கா போகிற சர்ச்சிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அக்கா ஒரு கேள்வியைக் கூட்டிக்கொண்டார். "மருந்து அடிச்சாகளா?" இப்போது மேலே இருந்து சளி என்று யார் சொல்லிவிட்டாலும் நான் அதை முதலில் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். எனக்கும் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

சோலைமலை மருந்தடிக்கிற வேலையை விட்டுவிட்டான். முத்துப்பிரியாவும் அவனும் சண்டை போட்டு முடிவு செய்தது. இப்போது ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. நேரத்துக்குப் போகாவிட்டால் அங்கே சத்தம் போடுவார்கள் என்று தினமும் என்னை விரட்டுகிறான்.

இன்றைக்குக் காலையில் எனக்கு நல்ல சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா கடையில் போய் நின்றேன். கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்கினார். ஒழுகுதா, அடைக்குதா. சளி வருதா, வறட்டு இருமலா. நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் என் ஜீப்பின் ஹாரன் அலறியது. திரும்பிப் பார்த்தால், முன் சீட்டிலிருந்து எக்கி ஹாரனை அமுக்கிக்கொண்டிருக்கிறான் சோலைமலை.

"மாமா, வெரசா வாங்க! சோலி கெடக்கு!"

அக்கா கேள்வியைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவன் அடிக்கட்டும்" என்றேன். "நீங்க கேளுங்கக்கா."