வரப்பு தளும்பத் தண்ணீர்

காய்ந்த வயலைப் பார்த்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. மேலே எல்லோருக்கும் பாய்ந்து மிச்சம் மீதி இருந்தால்தான் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்க்கும். அதனால் எங்களுக்குத் தண்ணீர் விடும் முறை வந்த அன்று மடையைத் திறந்து வரப்பு தளும்பக் கட்டிவிடுவோம். நாளைக்கு வருமோ வராதோ என்ற பயம் எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

அந்த வருடச் சம்பாப் பருவத்தில் பயம் இரண்டு மடங்கு. முந்தைய வருடம் அறுப்புக்கு நின்ற நெல்லைத் தை மாத மழை நாசம் பண்ணியிருந்தது. 'தை மழை நெய் மழை' என்பார்கள். துளித்துளியாக விழவேண்டியது அண்டா அண்டாவாகக் கொட்டியது. வளைகுடாவில் கட்டட வேலை பார்க்கும் என் கணவர் போனில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் மழையில போச்சுன்னா நெலத்த எறால் குட்டைக்கு விட்டுடுவோம். வானத்தோட யாரும்மா மல்லுக்கட்டுறது?"

பக்கத்து ஊரில் இறால் குட்டையாகிப்போன நிலங்களைப் பார்த்திருக்கிறேன். உப்பு ஏறிய மண்ணில் அப்புறம் புல்கூடச் சரியாக முளைப்பதில்லை. எங்கள் இரண்டு ஏக்கரில் பன்னிரண்டு வருடமாகக் கால் பதித்து நிற்பவள் நான். விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

நடவு முடிந்த வாரம் வேளாண்மை ஆபீசில் விவசாயிகளுக்குப் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். பக்கத்து வயல்காரியும் நானும் போனோம். அவள் என்னைவிடச் சின்னவள். அவள் அம்மா எங்கள் வயல்களுக்கு நடவு வேலைக்கு வந்தவர்; இவள் சொந்தமாக ஓர் ஏக்கர் வாங்கிப் பயிர் வைக்கிறாள். வயலில் ஓயாமல் தண்ணீர் நின்றால், சேற்றுக்குள் கிடக்கும் தாளும் வேரும் காற்றுப்படாமல் அழுகி மீத்தேன் என்ற வாயு கிளம்பும் என்றார் அங்கே பேசிய பெண் அதிகாரி. வண்டிப் புகை, நிலக்கரிப் புகையோடு அதுவும் சேர்ந்து பூமியைச் சூடாக்குகிறதாம். கடல் சூடேறச் சூடேற மழை காலம் தப்பும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டும் என்றார்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி! "ஊரெல்லாம் காரு ஓடுது, ஏசி ஓடுது. கடசில என் ரெண்டு ஏக்கர் சேறுதான் ஒலகத்தக் கொதிக்க வைக்குதாக்கும்?" என்று எழுந்து நின்று கேட்டேன்.

"உங்களால மட்டும்னு யாரும் சொல்லலீங்க. ஆனா உங்க கையில இருக்கற மடைய நீங்கதானே தொறக்கணும், மூடணும்?" என்று சிரித்தபடி, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்தார். அதை வயலில் புதைத்து, உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அதற்குப் பெயர். வேர் தண்ணீரைத் தேடி ஆழமாக இறங்கும், பயிர் லேசில் சாயாது என்றும் சொன்னார்.

இருவருமே புதைத்தோம். நாலாம் நாள் மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் போய்ப் பார்ப்பேன், வந்து உலை வைத்துவிட்டு மறுபடியும் போவேன். முறை வந்ததும் முதல் ஆளாக மடையைத் திறந்தேன்.

"அக்கா, குழாயில தண்ணி இன்னும் அரை அடி எறங்கலீங்களே. எதுக்குத் தொறக்குறீங்க?" என்றாள் பக்கத்து வயல்காரி.

"நாளைக்கு வாய்க்கா காஞ்சா நீயா வந்து ஊத்துவ?" என்று அவள் வாயை அடைத்தேன். பருவம் முழுக்க இதே கதைதான். என் வயலில் குழாய் பேருக்கு நின்றது.

தை பிறந்து கதிர் முற்றும் நேரத்தில் கடைசி முறை வந்தது. செல்போனில் மழை எச்சரிக்கையும் வந்தது. பக்கத்து வயல்காரி வரப்பை வெட்டி, இருந்த தண்ணீரையும் வடியவிட்டாள். போன மாதமும் இப்படித்தான் எச்சரித்தார்கள், ஒரு தூற்றல்கூட விழவில்லை. நான் நம்பாமல் தளும்பத் தளும்பக் கட்டினேன். மூன்றாம் நாள் பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை.

விட்டதும் வயலுக்கு ஓடினேன். இரண்டு ஏக்கரும் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. கதிர்கள் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. ஒரு வரப்பு தள்ளி, அவள் பயிர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அவள் மண்வெட்டியோடு வந்து என் வடிகாலை வெட்டிவிட ஆரம்பித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்போதுதான் கணவர் வீடியோவில் கூப்பிட்டார். வயலைக் காட்டினேன்.

"மழையா?" என்றார்.

ஆமாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் என்னை யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் நிலம் இறாலுக்குப் போய்விடும். போனை அவள் வயல் பக்கம் திருப்பினேன்.

"அங்கயும் இதே மழதாங்க பேஞ்சிச்சு. வடியவிடாம தண்ணியக் கட்டி வச்சுக் கெடுத்தது நான்."

போனை மறுபடி என் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

"நெலத்த விட்டுடாதீங்க," என்றேன். "தப்பு என்னுதா இருந்தாத்தானேங்க திருத்த முடியும்?"