ஹில்டா அன்ரி அனுப்பிய படம்

கதவைத் திறந்ததுமே புளிக்கவைத்த முட்டைக்கோஸின், எங்கள் "கோவா"வின், வாசம் முகத்தில் அடிக்கும். ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய கிளேட்டனில், எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக வாழ்ந்த ஹில்டா அன்ரி சமைக்கும் "குசினி"யில்தான், அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை, என் ஒன்பதாம் வயதின் பின்னேரங்கள் கழிந்தன. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் உருளைக்கிழங்கு சீவ, நான் வீட்டுப்பாடம் எழுத, அதிகம் பேசாமலே இருப்போம்.

அவர் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து மாவட்ட அதிகாரியின் மகள். என் அப்பாவும் ஊரில் "கச்சேரி" என்ற அரச அலுவலகத்தில் உதவி அரசாங்க அதிபராக இருந்துவிட்டு, இங்கே பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர் என்பதால் அவர்மேல் அன்ரிக்குத் தனி மதிப்பு.

ஒரு குளிர்காலத்தில் அந்த நகரத்திலிருந்து அன்ரிக்குக் கடிதம் வந்தது. முன்னாள் அதிகாரிகளின் படங்களை அலுவலகத்தில் மாட்டப்போகிறார்களாம், தகப்பனாரின் படம் வேண்டுமாம். அன்றைக்கு என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவைக் "கதிரை"யில் இருத்தி, நான் இருப்பதையும் மறந்து அன்ரி சொல்லத் தொடங்கினார். போருக்கு முன்பு அவருடைய தகப்பன் வீதி போட்டார், பள்ளிக்கூடம் கட்டினார். போர் வந்தபோது யூதக் குடும்பங்களை வெளியேற்றி ரயிலேற்றும் கட்டளையில் கையெழுத்திட்டவரும் அவர்தான். அந்தக் கட்டளையோடு போன பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்தவர் பதினேழு வயது ஹில்டா. போர் முடிந்தபின் தகப்பன் இரண்டு வருடம் தடுப்பு முகாமில் இருந்தார், பிறகு அதே அலுவலகத்துக்கே அதிகாரியாகத் திரும்பினார்; ஓய்வுபெற்றபோது ஊரே கூடி வாழ்த்தியது. வீட்டில் ஒருவரும் பட்டியலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது தாங்காமல்தான் அன்ரி கப்பலேறினார். பட்டியலின் கார்பன் பிரதி ஒன்று அவரிடம் இருந்தது. படத்தோடு அதையும் அனுப்பலாமா என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா மேசையைப் பார்த்தபடி தமிழில், "நானும் கையெழுத்துப் போட்டனான்" என்றார்.

என்ன சொல்கிறார் என்று அன்ரி என்னைக் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அனுப்பச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும், அவர் திருத்தவில்லை.

இரண்டும் ஒரே உறையில் போயின. பதில் வரவில்லை. கிறிஸ்து பிறந்த "நத்தார்" தோறும் ஜெர்மனியிலிருந்து அன்ரியின் தம்பி அனுப்பும் வாழ்த்து மடலும் அந்த ஆண்டோடு நின்றது. தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு அன்ரி சன்னலடியில் போய் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வீட்டுப்பாடத்தில் தலையைக் குனிந்துகொள்வேன். வளர்ந்தபின் ஒருநாள், அனுப்பியிருக்க வேண்டாமோ என்று கேட்டேன். "இப்போது எனக்குத் தூக்கம் வருகிறது" என்று மட்டும் சொன்னார்.

அன்ரி இறந்துவிட்டார்; இன்று அவருடைய வளவில் மாடிவீடுகள் மூன்று நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே இருப்பவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. போன வருடம் அப்பாவும் போய்விட்டார். அவருடைய பெட்டியில் நியமனக் கடிதமும் பதவி உயர்வுக் கடிதங்களும் பிரியாவிடைப் படமும் இருந்தன. எந்தக் கட்டளையில் கையெழுத்துப் போட்டார், அது எந்த ஊர்ச் சனத்தை வெளியேற்ற என்று கேட்க எனக்கு முப்பது வருடம் இருந்தது. ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். நான் கேட்கவில்லை.