‘கொஞ்சம்’ என்ற சொல்லை அடுப்புக்குக் கற்றுக்கொடுத்தவள்

வசந்தகுமாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நடுவில் யாரும் குறுக்கே பேசக் கூடாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் புஷ்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது அயனம்பாக்கம் முழுக்கத் தெரிந்த சங்கதி.

நாங்கள் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தோம். அடுப்புகளையும் பாய்லர்களையும் தானாக ஓட்டுகிற கண்ட்ரோல் பெட்டிகள் செய்வோம். முதலாளி லட்சுமணன் சார். கணக்கும் டெஸ்பாட்சும் என் தலையில். வசந்தகுமாரி டைப்பிஸ்ட். அவள் அப்பா ஆவடி ஃபேக்டரியில் வெல்டர், தர்மபுரிப் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறிய குடும்பம். கணக்கில் பி.எஸ்ஸி., டைப்பிங்கில் ஹையர், வாய் கொள்ளாத கேள்விகள், இவ்வளவோடுதான் வேலைக்கு வந்தாள்.

அந்தக் கேள்விகள்தான் அவளைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போயின. எங்கள் புரோகிராம் எஞ்சினியர் வேலுசாமி இரண்டே விரலால் டைப் அடிப்பார், பார்க்கிற எனக்கே கொட்டாவி வரும். அதனால் அவர் சொல்லச் சொல்ல இவள் அடிப்பாள். அடித்துக்கொண்டே, “இந்த இடத்துல ஏன் சார் இப்படி?” என்பாள். “நீ அடிம்மா” என்பார் அவர். கொஞ்ச காலத்தில் அவர் சொல்வதற்கு முன்பே அடுத்த வரியை இவள் அடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தொண்ணூற்று நாலில் வேலுசாமி பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். “வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பாரும்மா” என்று அந்த நாற்காலியை லட்சுமணன் சார் வசந்திக்குக் கொடுத்தார். அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைக்க வேலப்பன்சாவடியிலிருந்து ஒரு போன் வந்தது.

அங்கே செங்கல்வராயன் என்பவர் ரஸ்க் தொழிற்சாலை வைத்திருந்தார். அவருடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் சைக்கிளில் பன் விற்று, அப்புறம் பேக்கரி வைத்து, இப்போது பெல்ட் ஓடுகிற பெரிய அடுப்பே போட்டுவிட்டார். அந்த அடுப்புக்கு எங்கள் பெட்டி. உள்ளே வெப்பம் பார்க்க ஒரு கம்பி. ரஸ்க் வெளியே வருகிற வாயில், ஒரு தகரக் கூண்டுக்குள், மின்சாரக் கண் ஒன்று. கீழே போகிற ரஸ்க் மேல் வெளிச்சம் அடித்து, திரும்பி வருகிற வெளிச்சத்தைப் பார்த்து நிறத்தைச் சொல்லும். கருத்த ரஸ்க் என்றால் வெளிச்சம் குறைவாகத் திரும்பும்.

“இன்னா சார் பொட்டி இது? ஒரு தட்டு கரியா கீது, அடுத்த தட்டு சுண்ணாம்பு மாரி வெள்ளையா கீது. நடுவால ஒண்ணு வர மாட்டேங்குது. சும்மா சும்மா சங்கு ஊதி அடுப்ப வேற நிறுத்துது” என்றார் செங்கல்வராயன்.

வேலுசாமி எழுதிய புரோகிராம் முழுக்க விதிகள். ‘சூடு இதைத் தாண்டினால் தீயைக் குறை, நிறம் இதைத் தாண்டினால் அடுப்பை அணைத்துச் சங்கு ஊது’ என்று வரிசையாக இருக்கும். புது விதி வேண்டுமென்றால் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம், அந்த வசதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் ஆமாம், இல்லை, இரண்டுதான். கோட்டுக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் இருந்தால் ராஜா, அந்தப் பக்கம் போனால் தலையை வெட்டு.

“விதியெல்லாம் சரிதான்க்கா. அதுக்கு ‘கொஞ்சம்’னு ஒரு வார்த்தை தெரியல, அதான் கோளாறு” என்றாள் வசந்தி. ஏதோ ஒரு பத்திரிகையில் ஃபஸ்ஸி லாஜிக் என்று படித்திருந்தாள். அந்த வருஷம் டிவியில் வாஷிங் மெஷின் விளம்பரத்தில், ஜப்பான் டெக்னாலஜி என்று, அடிக்கடி அடிபட்ட பேர்தான். துணி துவைக்கிற சமாசாரம் ரஸ்க் சுடுமா என்று கேட்டேன். அவள் மூச்சு விடாமல் விளக்கினாள். ஒரு ரஸ்க் ‘சிவந்ததா, இல்லையா’ என்று கேட்காமல் ‘எவ்வளவு சிவந்தது’ என்று கேட்க வேண்டுமாம். பாதி சிவந்தது என்றால் விதியும் பாதிதான் வேலை செய்யுமாம், தீயைப் பாதிதான் குறைக்குமாம். சோற்றுக்கு உப்பு போடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு ஜப்பான்காரன் வரைக்கும் போவானேன் என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் அவள் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

“இருக்கறதையும் கெடுத்துடாதம்மா” என்றார் லட்சுமணன் சார்.

“வேலுசாமி சார் எழுதினதுல கையே வைக்கல சார். பக்கத்துல ஒரு இணைப்பா எழுதிச் சேர்க்கறேன். விதி அப்படியே இருக்கும். அதுல வர்ற வார்த்தைக்கு மட்டும் இந்த இணைப்பு அளவு சொல்லும்.”

அளவு எங்கிருந்து வரும்? அதற்குத்தான் என்னையும் இழுத்துக்கொண்டு வேலப்பன்சாவடிக்குப் போனாள். வெள்ளையிலிருந்து கரி வரைக்கும் ரஸ்க்குகளை மேஜையில் வரிசையாக அடுக்கினாள். வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, “இது செவந்ததுன்னு சொல்றவங்க கை தூக்குங்க. கருகினதுன்னு சொல்றவங்க இப்ப தூக்குங்க” என்றாள்.

அப்பப்பா, அங்கே நடந்த சண்டை இருக்கிறதே! பேக்கிங் செய்கிற எல்லம்மா, “இத்தப் போய் கருவுனதுன்றியே, உனுக்கு கண்ணு கீதா?” என்று அடுப்படி ஆளைப் பிடித்துக்கொண்டாள். “ஆமா, உன் ஊட்ல இப்டித்தான் தோச சுடுவ” என்றான் அவன். செங்கல்வராயன் ஒரு ரஸ்க்குக்கு இரண்டு தடவையும் கை தூக்கினார். “எனுக்கு ரெண்டு மாரியும் தெரியுது, இன்னா பண்ணச் சொல்ற” என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வசந்திக்கோ அதுதான் வேண்டியிருந்தது. பாதிப் பேர் சிவந்தது என்று சொன்னால் அந்த ரஸ்க் பாதி சிவந்தது. முக்கால்வாசிப் பேர் சொன்னால் முக்கால். சண்டை முற்ற முற்ற அவள் முகம் மலர்ந்தது. இந்த மாதிரிக் காரியத்துக்குச் சண்டையை விலைக்கு வாங்குகிறவளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

அப்புறம் ஆபீஸில் அவளோடு பேசுவதே பாடாகிவிட்டது. ஆவடி லோக்கலிலிருந்து இறங்கும்போதே புரோகிராம் பேசிக்கொண்டுதான் இறங்குவாள். கண் சொல்வதை மட்டும் வைத்துத் தீயை ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது, சூட்டுக் கம்பியும் ஒத்துக்கொண்டால்தான் விதிக்கு முழு பலம் என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தாள். அடுப்பு அணைகிற விதிக்கும் அதே கட்டுப்பாடுதான். ஏன் என்று கேட்டேன். “எங்க குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டைய அம்மாதான் தீர்த்து வைப்பாங்க. ஒரு ஆள் சொல்றத மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்ல மாட்டாங்கக்கா” என்றாள். ஒரு நாள் மத்தியானம் சூடும் நிறமும் இத்தனை இத்தனை என்று கையாலேயே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் பார்த்தாள். திரையில் ‘தீயைக் கொஞ்சம் குறை’ என்று வந்தது. நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் எழுதிக்கொண்டிருந்த வவுச்சர் மேல் மை கொட்டியது. திட்டத்தான் நினைத்தேன், ஆனால் வவுச்சரைத் தள்ளி வைத்துவிட்டு நானும் திரையைப் போய்ப் பார்த்தேன்.

செங்கல்வராயன் கறாராகச் சொல்லிவிட்டார். “விஜயதசமி அன்னிக்கு புதுசா ஓட்டு. அடுப்பு ஒரு தபா நின்னாலும் ஸ்க்ரூவ கயட்டி, பொட்டிய எட்துக்கினு போய்ட்டே இரு.”

லட்சுமணன் சாரும் வசந்தியைக் கூப்பிட்டார். “அடுப்பு நின்னுடுச்சுன்னா நீ பழையபடி டைப் மிஷினுக்கே போயிடும்மா. அந்த நாற்காலிக்கு ஒருத்தரப் பார்த்து வெச்சிருக்கேன்” என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அவள் சரி சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து, டைப் மிஷின் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மாவிலைத் தோரணம் எல்லாம் அமர்க்களமாகச் செய்திருந்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லம்மா சந்தனக் கிண்ணத்தோடு பெட்டி பக்கம் வர, வசந்தி பாய்ந்து மறித்தாள். “இதுக்கு நானே வெக்கறேன்க்கா. வேற யாரும் தொடாதீங்க, ஒயர் கியர் அசைஞ்சிடும்.” கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பெட்டிக்கு மூன்று பொட்டு, கம்ப்யூட்டருக்கு மூன்று. அப்புறம் தகரக் கூண்டுக்குள்ளேயும் கையை விட்டு, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தாள். கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பொட்டு வைக்க மாட்டார்கள்.

விஜயதசமி காலையில் பூசணிக்காய் உடைத்து அடுப்பை மூட்டினார்கள். எல்லோரும் கூடி நின்றோம். லட்சுமணன் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெல்ட் நகர்ந்தது, முதல் வரிசை ரஸ்க் வாயை நெருங்கியது. வசந்தி திரையைப் பார்த்தாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“கருகினதுன்னு சொல்லுதுக்கா. கிட்டத்தட்ட முழுசா கருகினதுன்னு சொல்லுது.”

ஆனால் வெளியே வந்த ரஸ்க் கருகவில்லை, பால் மாதிரி இருந்தது. பழைய புரோகிராமாக இருந்தால் இதற்குள் சங்கு ஊதி, அடுப்பு அணைந்து, நாங்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்போம். சங்கு ஊதும் ஊதும் என்று நான் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். ஊதவில்லை. தீ கொஞ்சம் தணிந்தது, அவ்வளவுதான். பெல்ட் பாட்டுக்கு ஓடியது. கண் கருகிவிட்டது என்று அடித்துச் சொல்கிறது, சூட்டுக் கம்பியோ அதெல்லாம் இல்லை என்கிறது. அவள் எழுதிச் சேர்த்த இணைப்பு இரண்டு பேர் பேச்சையும் கேட்டு, நடுவே ஒரு முடிவு எடுத்து, அடுப்பை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தது.

செங்கல்வராயன் ஒரு ரஸ்க்கை டீயில் நனைத்துக் கடித்தார். “வெந்து கீது. செவக்கலம்மா” என்றார். லட்சுமணன் சார் வசந்தி பக்கம் திரும்பினார்.

“கண்ணுதான் பொய் சொல்லுது” என்று வசந்தி டார்ச்சை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என்னடி என்று நானும் எட்டிப் பார்த்தேன். மின்சாரக் கண்ணின் கண்ணாடி மேலேயே, காய்ந்துபோன சந்தனமும் நடுவில் குங்குமமும், லட்சணமாக உட்கார்ந்திருந்தன.

கூண்டுக்குள் கை விட்டது யார் என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் கவனித்திருக்கவில்லை. பேசாமல் துடைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்து, “நான்தான் சார் வெச்சேன். நெத்தின்னு நெனச்சு கண்ணுமேலயே வெச்சுட்டேன்” என்றாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். திரையில் எண்கள் இறங்கின, தீ மெல்ல ஏறியது. கொஞ்ச நேரத்தில் பெல்ட்டில் ஒரு வரிசை வந்தது பாருங்கள், பொன்னை உருக்கி வார்த்த மாதிரி. எல்லம்மா ஒன்றை எடுத்துத் தூக்கிக் காட்டி, “கை தூக்குங்க” என்றாள். அத்தனை கையும் மேலே போனது. அன்றைக்குச் சண்டை போட்ட அடுப்படி ஆளுடைய கையும்தான்.

லட்சுமணன் சார் செங்கல்வராயன் பக்கம் திரும்பி, “தப்பு எங்க பேர்லதான்” என்று ஆரம்பித்தார்.

“இரு சார். அடுப்பு நின்னுச்சா?” என்றார் செங்கல்வராயன்.

“நிக்கல.”

“அப்பால இன்னாத்துக்குக் கயட்டணும்? கண்ணுல சந்தனத்த அப்பினாக்கூட வேல செய்யுது. என் மச்சான் மாங்காட்ல ஓவன் போட்டுகீறான். அவனுக்கும் இதே மாரி ஒண்ணு குடு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் ஒரு ரஸ்க்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன், நாக்கு சுட்டதுதான் மிச்சம். வசந்தி மட்டும் திரையை விட்டு அசையவில்லை. “பார்த்தீங்களாக்கா, நான் நெனச்சுக்கூடப் பார்க்காத தப்பையும் அது தாங்கிடுச்சு” என்றாள். அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன் அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் ஆபீஸுக்கு வந்தவள் நேரே டைப் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்து உறையைக் கழற்றினாள். மாங்காட்டுக்குக் கொட்டேஷன் அடிக்க வேண்டுமாம். பழக்க தோஷம்.

லட்சுமணன் சார் உள்ளே வந்தார். “அங்க என்னம்மா பண்ற?”

“கொட்டேஷன் சார்.”

“அது புஷ்பா வேலை. எழுந்து உன் நாற்காலிக்குப் போ.”

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். எனக்கு டைப்பே தெரியாது. கணக்கு, டெஸ்பாட்ச், இப்போது இதுவுமா என்று கத்த வாயைத் திறந்தேன். வசந்தி எழுந்து, ஜன்னலோரம் போய், வேலுசாமியின் நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கி உட்கார்ந்தாள். அத்தனை மாதமும் அவள் அதன் உயரத்தைத் தொட்டதே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு நான் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

ஒரு காகிதம் அடிக்க அன்று மத்தியானம் வரைக்கும் ஆனது. வேலுசாமியாவது இரண்டு விரலால் அடித்தார், நான் ஒரே விரல். கடைசியில், வேலைக்குப் பொறுப்பு என்ற இடத்தில், அவள் பெயரை அடித்தேன். அதற்குக் கீழே என்ன போடுவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ‘புரோகிராமர்’ என்று அடித்தேன்.