பட்டுக்காரன் வாங்கின பைலட் ஹெட்செட்

விசைத்தறி ஓட்டுறதைவிடப் பேஜாரான தொழில் ஒண்ணு இருக்குதுங்க: பைலட்டுக்குப் படிக்கிற பொண்ணுக்கு அப்பனா இருக்கிறது. தறி நின்னா மெக்கானிக்கைத் தேடணும். இதுக்கு ஊர்ல இருக்கிற எல்லாருமே மெக்கானிக்கு.

புரியாத படிப்புல பிள்ளையைச் சேர்த்துட்டு, புரிஞ்சமாதிரி தலையாட்டிகினு இருக்கிற பெத்தவங்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். என் பொண்ணு ஜீவிதா வெளியூர்ல சின்ன விமானம் ஓட்டப் பழகுறா. அங்க பொதுவுல வெச்சிருக்கிற ஹெட்செட் தொளதொளன்னு இருக்குதாம். ஏறு, இறங்குன்னு கீழ டவர்ல இருந்து பேசுறது பாதி இன்ஜின் சத்தத்துலயே போயிடுதாம். டவர் சொல்றதைத் தப்பில்லாம திருப்பிச் சொல்ற வரைக்கும் தனியா அனுப்ப மாட்டேன்னு வாத்தியார் கறாரா சொல்லிட்டார். கூடப் படிக்கிறவங்க எல்லாம் தனியாப் பறந்தாச்சு. இவ ஒருத்திதான் பாக்கி. காதுல மாட்டுறது தானே, வாங்கிட்டாப் போச்சுன்னு நினைச்சேன். எட்டாங்கிளாஸ் படிச்சவன் வேற எப்படி நினைப்பான்?

மச்சான் பிடிச்ச சரக்கு

என் மச்சான் சேவூர்ல செல்போன் கடை வெச்சிருக்கார். அதனால ஒயர் இருக்கிற எதுவும் அவர் இலாகா. "பைலட் ஹெட்செட்டுன்னா எல்லாம் ஒண்ணுதான் மாமா"ன்னு ஆன்லைன்ல பழசு ஒண்ணைப் பிடிச்சார். பார்க்க ஜோராத்தான் இருந்தது. பொண்ணு கொண்டுபோய் மாட்டினா, விமானத்துல சொருகுற ஓட்டை ரெண்டு, இதுல பின் ஒண்ணே ஒண்ணு. அது ஹெலிகாப்டருக்குண்டானதாம்.

மச்சான் விடுவாரா? நேரா வாத்தியாருக்கே போன் போட்டு, ஒயரை வெட்டி ஒட்டிக்கலாமான்னு கேட்டார். வாத்தியார் ரொம்பப் பொறுமையா சொன்னாராம்: "எதுக்குங்க சிரமம்? ஹெட்செட் வாங்கிட்டீங்க, அதுக்குப் பொருத்தமா ஒரு ஹெலிகாப்டரையும் வாங்கிடுங்க."

கை சொன்ன எடை

அடுத்து பொண்ணைக் கூட்டிகினு நானே சென்னைக்குப் போனேன். முப்பது வருஷமா பட்டுப்புடவையைக் கையில வாங்கினதும் எடை சொல்றவன் நான். கனமா இருந்தா பட்டும் ஜரிகையும் உள்ள இருக்குது. லேசா இருந்தா எவனோ ஏமாத்தியிருக்கான். எங்க தொழில்ல இதுக்கு மேல படிப்பு கிடையாது. கடையில இருந்த நாலு ஹெட்செட்டையும் ஏந்திப் பார்த்து, இருக்கிறதுலயே கனமானதை எடுத்தேன். "அப்பா, அந்த லேசானது…"ன்னு பொண்ணு ஆரம்பிச்சா. "உனக்கு சரக்கு தெரியாது, சும்மா இரு"ன்னு அடக்கிட்டேன்.

பத்தே நாள். மூக்குக்கண்ணாடிக் கம்பி மேல அது அமுக்கி, காது சிவந்து, தலைவலியோட இறங்கினாளாம். டவர் சொன்னதுல பாதி இப்ப தலைவலியில போச்சு. தனியாப் பறக்கிறது மறுபடியும் தள்ளிப்போச்சு. மாத்திக் குடுங்கன்னு போய் நின்னோம். என் எடைக் கணக்கை முழுசாக் கேட்டுகினு கடைக்காரர் சொன்னார்: "ஐயா, இது முகூர்த்தத்துக்குக் கட்டிட்டு பீரோல மடிச்சு வெக்கிறது இல்லீங்க, தினம் உங்க பொண்ணு தலைமேல உட்கார்றது."

தறிக்கூடத்துல பரீட்சை

இந்த வாட்டி பொண்ணே கண்ணாடியோட ஒவ்வொண்ணா மாட்டிப் பார்த்து, லேசானது ஒண்ணை எடுத்தா. பேட்டரி போட்டா இரைச்சலை அதுவே அமுக்கிடுமாம். இன்ஜின் நின்னாக்கூடத் தெரியாம போயிடுமேன்னு எனக்கு பயம். "எதிர்ல சுத்துற காத்தாடி நிக்கிறது தெரியும்பா"ன்னா. நான் அவ்ளோ சுலபமா நம்புற ஆளா?

எங்க வீட்ல இரைச்சலுக்கா பஞ்சம்? அவ லீவுக்கு வந்தப்போ, எங்கிட்ட தறி ஓட்டுற ஏழுமலை தலையில அதை மாட்டிவிட்டேன். நாலு தறியும் தடதடன்னு ஓடுது. மனுஷன் கண்ணை மூடி சிரிச்சிகினு நிக்கிறார். பின்னாடி பாவு நூல் அறுந்து முந்தானை பாழாகிகினு இருக்குது. நான் கத்தினதும் காதுல விழல. பிடுங்கி எடுத்தப்புறம் சொன்னார்: "இதை எனக்கே குடுத்துடுங்க முதலாளி, பாப்பா வேணும்னா விமானத்து ஜன்னலை மூடிக்கட்டும்."

பூஜை போட்ட மைக்கு

புதுத்தறியோ புதுவண்டியோ, பொட்டு வெக்காம நாங்க ஓட்டுறதில்ல. பொண்ணு கிளம்புற அன்னிக்கு ஹெட்செட்டை சாமி முன்னாடி வெச்சேன். வாய்கிட்ட வர்ற மைக்கு மேல உருண்டையா ஒரு பஞ்சு உறை இருந்தது. பொட்டுக்குன்னே செஞ்சு அனுப்பினமாதிரி! சந்தனத்தைக் குழைச்சு தாராளமா அப்பி, நடுவுல குங்குமத்தையும் வெச்சேன். அவ பார்த்துட்டுத் தலையில அடிச்சிகினு மேலாகத் துடைச்சா. உள்ள ஊறினது உள்ளயே காய்ஞ்சு கல்லாகிடுச்சு.

தனியா அனுப்பலாமான்னு வாத்தியார் பார்க்கிற நாள். இப்ப டவர் பேசுறது அவளுக்குக் கண்டாமணி மாதிரி கேக்குது. அவ பேசுறது டவருக்குக் கேக்கல. பாதியில இறக்கிட்டார். மைக்குப் பஞ்சைக் கழட்டிப் பார்த்துட்டு, சாயங்காலம் எனக்கே போன் போட்டார்: "சாமி உங்க பொண்ணைப் பார்த்துக்குவார், சரிங்க, டவர்ல இருக்கிறவருக்கும் கொஞ்சம் கேக்கணும் இல்லீங்களா?"

தனியா

புதுப் பஞ்சு போட்டாங்க. நாலாம் நாள் காலையில வாத்தியார் கதவைத் திறந்து இறங்கிகினு, "போயிட்டு வா"ன்னுட்டார். டவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம திருப்பிச் சொல்லி, ஒரு சுத்து சுத்தி, பத்திரமா இறங்கிட்டா.

போன் வந்தப்போ நான், வீட்டம்மா, மச்சான் மூணு பேரும் ஒரே செல்லுல தலையை நுழைச்சிகினு நின்னோம். "பக்கத்துல ஒருத்தரும் இல்லாம மேல போனியே, பயமா இல்லியாடி?"ன்னு வீட்டம்மா அழுதுகினே கேட்டா. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு: "பயமா? யோசனை சொல்ல ஆளே இல்லாம நான் பத்து நிமிஷம் இருந்தது இதான்மா முதல் வாட்டி!"

இந்தத் தொழில்ல நான் கத்துகினது இவ்ளோதாங்க: ஹெட்செட் வாங்கணும்னா ஊரையெல்லாம் கேட்டு முடிச்சிட்டு, நேரம் இருந்தா, அந்தக் காதுக்கு உரியவளையும் ஒரு வார்த்தை கேட்டுடணும்.