உப்புப் போன சாரம்

துருவைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மன்னார்த் தீவில் படகு இஞ்சின் திருத்துகிறவனுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. கடலுப்பைச் சுமந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில், துடைத்து வைத்த ஸ்பானர் மறுநாளே செம்மண் பூசியதுபோலக் கிடக்கும். கிறீஸ் பூசு, எண்ணெய்க் கடதாசியில் சுற்று, வெறும் துணியில் மட்டும் சுற்றாதே என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்வேன். கோயில் பிரசங்கத்தைவிட என்னுடையது நீளம் என்று கடற்கரையில் நக்கலடிப்பார்கள்.

அண்ணனும் இதே தொழில்தான். சண்டை திரும்பத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் கடலால் வந்து, இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வெள்ளாங்குளத்தில் ஒரு இஞ்சின் பழுதென்று சின்னப் பையோடு போனார். அவ்வளவுதான், திரும்பி வரவில்லை. நாங்கள் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, கொடுக்காத மனு இல்லை.

அவருடைய பெரிய கருவிப் பெட்டியை அண்ணி யாரையும் தொட விடவில்லை. அவர் வந்ததும் வேலைக்கு வேணும் என்பார். நவம்பரில் ஆத்துமாக்கள் நாளன்று ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். அண்ணனுக்கென்று அண்ணி ஒரு திரி கொளுத்தியதில்லை.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கு ஆரும் கொளுத்துவினமோ?" என்று ஒருமுறை என் மனைவியிடம் சீறினார்.

போன வருடம் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, துருப் பிடிக்குது போல கிடக்கு. ஒருக்காப் பாருங்கோ."

திறந்தேன். எல்லாவற்றையும் அண்ணன் அன்று கழற்றிப் போட்ட அந்தச் சாரத்தில், தோய்க்காமலே, சுற்றி வைத்திருந்தார். துணியில் இருந்த கடலுப்பு ஈரத்தை இழுத்து, பட்ட இடமெல்லாம் இரும்பை அரித்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வளவில் இத்தனை வருடம் இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பிப் பிறசால் உரஞ்சி, வெயிலில் காயவிட்டுக் கிறீஸ் பூசினேன். சாரத்தை எறிய மனம் வரவில்லை. பவுசர் வண்டியில் வந்த நல்ல தண்ணீரில், சவர்க்காரம் போட்டு நாலு தரம் அலசினேன். உப்புப் போய்விட்டதா என்று நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன். நான் பெரிய கெட்டிக்காரன் அல்லவா. மடித்துப் பெட்டிக்கு மேலே வைத்தேன்.

அண்ணி வந்தார். கருவிகளைப் பார்க்கவேயில்லை. சாரத்தை எடுத்து முகத்தில் வைத்தார். மடிப்பைப் பிரித்து மறுபக்கத்தையும் வைத்தார்.

"தோய்ச்சனீங்களோ?"

"ஓம் அண்ணி. அந்த உப்புத்தான் அரிச்சது."

"அவற்ர மணம் இருந்தது, தம்பி. கொஞ்சம்தான் இருந்தது. நான் பெட்டியத் திறக்கிறதே அதுக்குத்தான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாரத்தையும் பெட்டியையும் என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த நவம்பரில், சேமக்காலையின் பெரிய சிலுவையடியில் அண்ணி ஒற்றைத் திரி கொளுத்துவதைக் கண்டேன். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினார். எனக்குக் கிட்டப் போகத் தைரியம் வரவில்லை.

பெட்டி இப்போது என் பட்டறையில் இருக்கிறது. மாதம் ஒருமுறை திறந்து எண்ணெய் பூசுகிறேன். ஒன்றிலும் துரு இல்லை. திறக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் குனிந்து மோந்து பார்க்கிறேன். கிறீஸ் மணம்தான் வருகிறது.