தென்காசியில் நான் கண் டாக்டராக இருந்த நான்கு நாட்கள்

குற்றாலச் சீசனில் கண்ணசைவுப் பதிவுக் கருவியோடு போனால் ஆராய்ச்சிக்கு ஆள் கிடைப்பார்களா என்று ஒரு மாணவி இந்த வலைப்பூவுக்கு எழுதிக் கேட்டிருந்தார். கிடைப்பார்கள். 1963 ஜூலையில் நான் போயிருக்கிறேன். இப்போது அந்தக் கருவி மடிக்கணினியின் அடியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுருங்கிவிட்டதாம். என்னுடையது பதினெட்டு கிலோ மரப்பெட்டி. தூக்கிய தோள் இன்னும் மழைக்காலத்தில் முனகுகிறது.

அப்போது சென்னையில் உளவியல் ஆராய்ச்சியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் துறையில் இருந்தது ஒரே ஒரு கண்ணசைவுக் கேமரா. அதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒரு வாரத்தில் பத்துப் பேர் தமிழ் படிப்பதைப் பிசிறில்லாமல் பதிவு செய்து வந்தால் கேமரா உனக்கு, இல்லையென்றால் மற்றவருக்கு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். தோற்றால் எனக்கு வினாத்தாள்களைத் தொகுக்கும் வேலை. அதை நினைத்தாலே கொட்டாவி வரும். சாரல் காலத்துக் குற்றாலத்தில் எல்லா ஊர்க்காரர்களும் சும்மா இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு அங்கே கிளம்பினேன்.

எழும்பூரில் மாலை ஏழு மணிக்கு ரயில் ஏறி, மறுநாள் காலை பத்தரைக்குத் தென்காசியில் இறங்கினேன். அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல். பஸ்ஸில் எனக்கு இருபது நயா பைசா, பெட்டிக்கும் இருபது. பெட்டி உட்காரவில்லையே என்று கண்டக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். "அதான் நிக்கிற எடத்த அடைச்சிருக்குல்லா" என்றார்.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. படிப்பவர் தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் அழுத்திக்கொள்வார். சின்ன விளக்கின் வெளிச்சம் அவருடைய கருவிழியில் ஒரு புள்ளியாக விழும். ஓடிக்கொண்டிருக்கும் பிலிமில் அந்தப் புள்ளி பதிவாகும். படிக்கிற கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. அதனால் பிலிமில் ஒவ்வொரு வரியும் படிக்கட்டாக ஏறும். வரி முடிந்ததும் கண் ஒரே தாவலில் இடது ஓரத்துக்குத் திரும்பும், கோடு செங்குத்தாக விழும். தலை ஒரு நூல் அசைந்தாலும் எல்லாம் போச்சு.

குற்றாலத்தில் தலை அசையாமல் எப்படி இருக்கும்? அருவிக்கு வருகிற அத்தனை பேரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தார்கள். நெற்றி பட்டையில் நிற்காமல் வழுக்கியது. குளித்துவிட்டு வந்தவர்களோ தாடையைத் தாங்கியில் வைத்ததும் சொக்கித் தூங்கினார்கள். இரண்டு நாளில் ஒரு பிலிம் சுருள் வீண். எனக்கு வந்த கோபத்தில் பேரருவியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிலிம் கழுவித் தந்தவர் தென்காசி பஸ் நிலையத்துக்கு எதிரே ஸ்டூடியோ வைத்திருந்த காதர் பாய். குளித்துவிட்டு வருகிறவர்களை விடுங்கள், குளிக்கப் போகிறவர்களைப் பிடியுங்கள் என்று அவர்தான் வழி சொன்னார். பெட்டியை அவருடைய ஸ்டூடியோவுக்கே மாற்றினேன். குற்றாலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களிடம் அவரே போய், "கண் டாக்டரம்மா வந்துருக்காவ, காசு இல்ல, உள்ள வாங்க" என்றார். எனக்கு அது நன்றாகவே கேட்டது. திருத்தியிருக்கலாம். ஆள் வந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு நாளில் ஒன்பது பேர், ஒன்பதும் கச்சிதம். சனிக்கிழமை காலை புளியங்குடியிலிருந்து எலுமிச்சை மண்டிப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் பேச்சியம்மாள் என்பவர் தாமாகவே முன்னால் வந்து உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். தலை துளியும் அசையவில்லை. என்னிடம் மிச்சமிருந்த கடைசி பிலிம் அவரோடு முடிந்தது.

மத்தியானம் காதர் பாய் கழுவிய பிலிமைத் தூக்கிப் பிடித்தார். படிக்கட்டு அழகாக ஏறியது. ஆனால் வரி முடிந்த இடத்தில் விழவில்லை, படிப்படியாக இறங்கியது. மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது. தமிழ் எழுத்தை வலமிருந்து இடமாக யார் படிப்பார்கள்? பிலிமைத் தலைகீழாக மாட்டிவிட்டேனோ என்று கேட்டேன்.

"பிலிம்ல தப்பில்ல. அந்தப் பொம்பள கண்ணு அப்படித்தான் போயிருக்கு" என்றார்.

ரயிலை விட்டுவிட்டு, ஞாயிறு காலை ஏழே காலுக்குப் புளியங்குடி பஸ்ஸைப் பிடித்தேன். இருபது மைல், ஒன்றேகால் மணி நேரம். மண்டியில் பேச்சியம்மாள் பரப்பிய எலுமிச்சைக்கு முன்னால் உட்கார்ந்து சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கண் இடமிருந்து வலம் ஒரு வரிசை போனது. அடுத்த வரிசைக்கு வலமிருந்து இடம் திரும்பியது. வாசலில் நின்றே எனக்குப் புரிந்துவிட்டது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது. என்னை ஓரமாகக் கூட்டிப்போய், மெல்லச் சொன்னார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதும்மா. தெரியாதுன்னா கண்ணு சரியில்லன்னு எழுதிருவியளோன்னு பயந்துட்டேன். கண்ணு போச்சுன்னா மண்டியில வச்சிக்கிட மாட்டாவ."

அந்தப் பெட்டிக்கு முன்னால் அவர் தலை அசையாமல் இருந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது. பயம். என் பத்தாவது பதிவு அவ்வளவு பிசிறில்லாமல் வந்ததும் அதனால்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை, நான் டாக்டரே இல்லை என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டாக்டர் இல்லன்னா, கொறை இல்லன்னு எப்படிச் சொல்லுதிய?"

பையிலிருந்து பிலிமை எடுத்து வெளிச்சத்தில் காட்டி, இது உங்கள் கண் போன வழி, ஒரு வரிகூட விடவில்லை என்றேன். நெடுநேரம் பார்த்தார். அதைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன்.

சென்னையில் நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்தேன். மற்ற ஒன்பது பேரும் கண் பரிசோதனை என்று நம்பித்தான் படித்தார்கள் என்பதையும் சேர்த்தேன். அப்படியானால் ஒன்பதும் செல்லாது என்றார் பேராசிரியர். கேமரா அடுத்தவருக்குப் போனது. நான் ஏழு மாதம் வினாத்தாள் தொகுத்தேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேமரா என் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

போகிறவர்களுக்கு: ஜூலை நடுவில் போங்கள். குளிக்கப் போகிறவர்களைக் காலை ஒன்பதுக்குள் பிடியுங்கள். நெற்றிப் பட்டைக்குக் குறைந்தது பத்து மாற்றுத் துணி வேண்டும். பேரருவியைப் பாருங்கள், நான் பார்க்காமல் வந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ பேர் அந்தத் தாங்கியில் தாடையை வைத்துவிட்டார்கள். விளக்கைப் போடுவதற்கு முன்னால் எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறேன்: "நான் டாக்டர் இல்லை. உங்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒன்றும் ஆகாது."