ஒரு அடி விழ அரை நாள்

கோயில் வாசல்ல உரு விக்கிறவ நான். கை வலிக்குத் தகட்டுக் கை, கால் வலிக்குத் தகட்டுக் கால், தீராத நோய்க்குத் தகட்டு ஆளு. வாங்கி உண்டியல்ல போட்டு கோமதியம்மாகிட்ட வேண்டிக்கிடுவாக. அஞ்சாப்போட படிப்பை விட்ட எனக்கு எழுத்து கோணல்தான். ஆனாலும் பக்கத்து வீட்டு ரசீதாவைப் பத்தி எழுதணும்.

ரசீதாங்கறது வாப்பா மைதீன் பாட்சா வச்ச பேரு. அம்மா இசக்கிச்செல்வி கூப்பிடுறது கோமு. நோன்புக்கஞ்சியும் குடிப்பா, ஆடித்தபசுக்கு என்கூடக் கூட்டத்துல நசுங்கவும் வருவா.

அவளுக்கு ஒம்பது வயசுல, பஸ் ஸ்டாண்டுல வச்சு இசக்கியோட அண்ணன் சுடலைராஜ் மைதீன் பாட்சாவைக் கம்பியால அடிச்சான். முழங்கை எலும்பு சட்டையைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்திச்சு. பிள்ளை வாப்பாவோட மத்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னுது. அந்த வாரமே மைதீன் பாட்சாவோட அக்கா மீரா பீவி, இசக்கியை முடியைப் பிடிச்சு இழுத்து வாசப்படியில மோதினா. நெத்தி பிளந்துட்டு. அடிக்கிறதுல மட்டும் ரெண்டு வீட்டுக்கும் பேதமில்ல.

இப்பம் ரசீதாவுக்குப் பத்தொம்பது. நெளிஞ்சு விக்காமக் கிடந்த உருவெல்லாம் கேட்டா, கொடுத்தேன். உருவை எறும்பு நகர்ற அளவுக்கு நகத்தி போன்ல ஒரு போட்டோ. திரும்ப நகத்தி இன்னொண்ணு. சேத்து ஓட்டினா தகட்டு ஆளு நடக்கான், கம்பியை ஓங்குதான். எதிர்ல நிக்கவன் கை கழண்டு விழுது. ஒரு பொம்பளைத் தலை படியில மோதி மடங்குது.

"அனிமேஷன், அத்தை"ன்னா. போனை வாங்கிப் பாத்தவுக யாரோ சுடலைராஜ்கிட்டச் சொல்லிட்டாக. நேரா என் கடைக்கு வந்தான். ரசீதாவும் அங்கதான் இருந்தா.

"ஏட்டி, என்னைய அசிங்கப்படுத்தவா எடுத்த? அழி."

"தகட்டுக்கு மூஞ்சியே இல்லையே மாமா. நீங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீக?"

நின்னவுக சிரிச்சுட்டாக. அவ வலது கையை இழுத்து, தேங்காய் உடைக்கிற கல்லுல அமுக்கி, இடுப்புல இருந்த அருவாளை உருவித் திருப்பிப் பிடிச்சு, அதோட முதுகால போட்டான். மூணு போடு. எலும்பு முறியற சத்தம் எனக்குக் கேட்டுது. அதே கல்லுல போனையும் நொறுக்கினான். படம் அதுலதான் இருந்துச்சு.

அவனைப் போலீஸ் கூட்டிட்டுப் போச்சு. பத்து நாள் கழிச்சு ரசீதா மாவுக்கட்டோட வந்தா. நான் அழுதுக்கிட்டே ஒரு தகட்டுக் கையை எடுத்து நீட்டினேன்.

"உண்டியலுக்கு வேண்டாம் அத்தை, படத்துக்குத் தாங்க. முதல்லயிருந்து எடுக்கணும்."

"எந்தக் கையால எடுப்பட்டி?"

"இந்தா, உங்க கை இருக்குல்லா."

அம்மாவோட போனை அவ இடது கையால அமுக்குதா. நகத்துறது நான். ஈ எறும்பை மிதிக்க யோசிக்கிறவ, கம்பியை ஓங்க வைக்கேன். ஒரு அடி விழ அரை நாள் ஆகுது. மைதீன் பாட்சா உருவோட கைகிட்ட கம்பி வரவும் நான் விரலை எடுத்துட்டேன்.

"இத்தோட விட்டுருவமாட்டி?"

"இன்னும் விழல அத்தை. நகத்துங்க."